இருபத்துநாலு குப்பிகள்

இல்ல தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம், என்கிட்டயே இருக்கு. வயசானவன் பஸ்ஸுல உக்காந்து கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்தா பக்கத்து சீட்டுக்காரருக்குச் சங்கடமாத்தான் இருக்கும். நீங்க எதுவரைக்கும்? சேலமா? சரி. நான் திருச்சி. சேலத்துல மாறணும்.

பென்னாகரம் போயிட்டு வர்றேன். சொந்தக்காரங்க வீடு இல்ல. ஒரு பொண்ணு வீட்டுக்கு. பொண்ணுன்னு சொல்லக்கூடாது, நாப்பது வயசு நெருங்குது, பள்ளிக்கூடத்துல ஜியாகிரபி டீச்சர். மாதேஸ்வரின்னு பேரு. அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போனேன். கேட்டேனா இல்லையான்னு எனக்கே இப்ப குழப்பமா இருக்கு. நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் பேரு பக்கிரிசாமி. திருச்சியில ஒரு காலேஜ்ல முப்பத்தோரு வருஷம் லேப் அட்டெண்டர். ஜியாலஜி டிபார்ட்மெண்ட். கல்லு, மண்ணு, மலை இதைப் பத்திப் படிக்கற படிப்பு. படிக்கறது அவங்க, அரைக்கறது நான். கல்லை உடைச்சு, கல்வத்துல போட்டு, பவுடர் மாதிரி அரைச்சுக் குடுக்கணும். என் கை சுத்தம்னு டிபார்ட்மெண்டே சொல்லும். புரொபசர் வெளியூர்ல இருந்து யார் வந்தாலும் "எங்க பக்கிரிசாமி தப்பே பண்ணமாட்டார்"னுதான் அறிமுகப்படுத்துவாரு. அதைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன்.

மாதேஸ்வரி பி.எச்டி. பண்ண வந்த பொண்ணு. அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு. அரியலூர் பக்கம் காரைன்னு ஒரு ஊரு இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? மழையில அரிச்சு அரிச்சு ஓடை ஓடையாக் கிடக்கும். ஒரு காலத்துல அதெல்லாம் கடல். பத்துக் கோடி வருஷம் இருக்கும்பாங்க. இன்னைக்கும் குனிஞ்சு பாத்தா சிப்பி கிடக்கும். அந்த ஓடையில கீழேருந்து மேல வரைக்கும் அரை மீட்டருக்கு ஒரு கல்லுன்னு எடுத்துட்டு வந்தா. இருநூத்துச் சொச்சம் பை. சித்திரை வெயில்ல. முகமெல்லாம் கறுத்துத் தோல் உரிஞ்சு வந்து நின்னா.

"எதுக்கும்மா இவ்வளவு கல்லு? ஒண்ணு ரெண்டு போதாதா?"ன்னு கேட்டேன்.

யாரும் எனக்குப் பதில் சொல்லமாட்டாங்க தம்பி, அந்தக் கேள்விக்கு. முப்பத்தோரு வருஷத்துல அவ ஒருத்திதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து சொன்னா. "அண்ணே, கரியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு லேசு, ஒண்ணு கொஞ்சம் கனம். கடல்ல இருக்குற பாசி, பூண்டு எல்லாம் லேசைத்தான் இழுத்துக்கும். அதுங்க செத்து அடிச் சேத்துல புதைஞ்சா லேசும் கூடவே புதைஞ்சிடும். தண்ணியில கனம் மிஞ்சும். எரிமலை கக்கினா மறுபடி லேசு ஜாஸ்தியாகும், உலகம் சூடாகும். அந்தந்தக் காலத்துல தண்ணி எப்படி இருந்துச்சோ, அப்படியே சுண்ணாம்பாப் படிஞ்சு கல்லாயிடுச்சு. கீழேருந்து மேல வரிசையாப் படிச்சா, பூமிக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சு, எப்ப தணிஞ்சுதுன்னு தெரிஞ்சிடும். வரிசைதான் முக்கியம். வரிசை போச்சுன்னா எல்லாம் போச்சு."

வரிசைதான் முக்கியம். என்கிட்டதான் சொன்னா.

நான் அரைச்சேன். அரைச்ச பவுடரைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பியில போடணும். விரல் நுனி அளவுதான் குப்பி. ஒரு ட்ரேக்கு இருபத்துநாலு. மூடியைக் கழட்டி அடுப்புல வெச்சு ஈரம் போக்கணும், அப்புறம் மூடியைப் போட்டு வடக்க இருக்குற பெரிய லேப்புக்கு பார்சல் அனுப்பணும். அங்கதான் இந்த ரெண்டு கரியையும் பிரிச்சுப் பாக்குற மெஷின் இருந்துச்சு. மூடியிலயும் நம்பர் எழுதணும், குப்பியிலயும் எழுதணும்னு அவ சொல்லியிருந்தா. குப்பியில எழுதுறது அடுப்புச் சூட்டுல அழிஞ்சு போவுது. அதனால மூடியில மட்டும் எழுதினேன். அவகிட்ட சொல்லல. சொல்லணும்னு தோணல.

அன்னைக்கு என் மச்சினனுக்கு லால்குடியில கல்யாணம். சாயங்காலம் பொண்ணழைப்பு. வீட்டுல காலையிலேயே சொல்லிட்டா, நாலரை மணிக்குள்ள வரலேன்னா நாங்க போயிடுவோம்னு. பார்சல்காரன் வேற வாசல்ல நிக்கிறான். அஞ்சாவது ட்ரேயை அடுப்புல இருந்து எடுத்து மேஜையில வெச்சேன். மூடி எல்லாம் தனித் தட்டுல வரிசையா இருக்கு. மடமடன்னு மூடினேன். தொண்ணூத்தேழுல ஆரம்பிச்சு நூத்திருபது வரைக்கும்.

மூடி முடிச்சுட்டுப் பாக்குறேன், தொண்ணூத்தேழாம் நம்பர் குப்பியில பவுடர் கால்வாசிதான் இருக்கு.

எனக்குத் தெரியும் தம்பி, கால்வாசி இருந்தது நூத்திருபது. அந்தக் கல்லு சின்னக் கல்லு, அரைச்சா அவ்வளவுதான் வந்துச்சு. ட்ரேயை அடுப்புல இருந்து எடுக்கறப்போ அரை வட்டம் திருப்பி வெச்சிருக்கேன். மொதல்ல இருக்க வேண்டியது கடைசியில, கடைசி மொதல்ல. இருபத்துநாலும் தலைகீழ்.

பத்து நிமிஷ வேலை. மூடியைக் கழட்டி மாத்திப் போட்டா முடிஞ்சுது. மணி நாலு இருபது. பார்சல்காரன் "சார் ஆச்சா?"ங்கறான். எல்லாம் ஒரே ஓடைக் கல்லுதான, ஒரே சாம்பல் கலர் பவுடர்தான, அந்த மெஷினுக்கு என்ன தெரியப் போவுதுன்னு நினைச்சேன். ஒட்டிக் குடுத்துட்டேன். கல்யாணத்துல சந்தோஷமாத்தான் இருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில நின்னு பரிமாறுனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. மாதேஸ்வரி கோடு போட்டுப் பாத்தா. கோடு நிதானமா ஒரே சரிவா இறங்கிட்டு வருது. பாதியில திடீர்னு ஒரு குதி. கீழ விழுந்து, அங்கேருந்து தலைகீழா மேல ஏறி, மறுபடி ஒரு குதி. புரொபசருக்குத் தலைகால் புரியல சந்தோஷத்துல. "பூமி ஒரே அடியா சூடாயிருக்கு பாரு, இதை யாரும் இதுவரைக்கும் காட்டல!"ங்கறாரு. அந்தப் பொண்ணு மட்டும் அந்தப் பேப்பர்ல நம்பரை விரல் வெச்சு எண்ணிக்கிட்டு இருந்தா.

அப்புறம் லேப்புக்கு வந்தா. நான் கல்வத்தைக் கழுவிக்கிட்டு இருக்கேன். மெதுவாத்தான் கேட்டா.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. குதிக்கறது தொண்ணூத்தேழுல ஆரம்பிச்சு நூத்திருபதுல முடியுது. சரியா ஒரு ட்ரே. ட்ரே திரும்பியிருக்குமாண்ணே?"

பாத்தீங்களா? கூட இருந்து பாத்த மாதிரி கேட்டா.

நான் என்ன பண்ணியிருக்கணும்? "ஆமாம்மா"ன்னு ஒரு வார்த்தை. அவ அந்த இருபத்துநாலு எண்ணையும் திருப்பி எழுதிட்டுச் சிரிச்சுட்டுப் போயிருப்பா. என்னை ஒரு ஆள்கிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டா. ஆனா நான் கத்தினேன். "நேத்து வந்தவ நீ. நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து இந்தக் கல்வத்தைப் புடிச்சிருக்கேன். என் கையவா சந்தேகப்படுற?"ன்னு கத்தினேன். அதோட விடல. நேரா புரொபசர் ரூமுக்குப் போய், இனிமே அந்தப் பொண்ணு கல்லை நான் தொடமாட்டேன்னு சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேக்க வெச்சாரு.

கேட்டா. "மன்னிச்சிடுங்கண்ணே, என் புத்தி அப்படிப் போயிடுச்சு"ன்னா. நான், "பரவால்லம்மா, சின்னப் பொண்ணு"ன்னு பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்.

அப்பவும் அவ விடல. மிச்சக் கல்லு ஸ்டோர் ரூம்ல மூட்டையில இருந்துச்சு, மறுபடி அரைச்சுப் பாக்கலாம்னா. நான் அரைக்கலேன்னா தானே அரைச்சுக்குறேன்னா. பாத்தா மூட்டை இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க, கொட்டிட்டேன்.

அப்படித்தான் அவகிட்ட சொன்னேன். உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாசம். பின்னாடி புதுசா கட்டடம் எழும்பிக்கிட்டு இருந்துச்சு. அவ கல்லைக் கேட்ட அன்னைக்கு சாயங்காலமே மேஸ்திரியைக் கூப்பிட்டு, "வேண்டாத கல்லு, குழிக்குப் போட்டுக்குங்க"ன்னு நானே காட்டிக் குடுத்தேன். இப்ப அது மேல மூணு மாடி நிக்குது.

மறுபடி ஓடைக்குப் போறேன்னு புரொபசர்கிட்ட கேட்டா. "கான்பரன்ஸுக்குப் பேரு குடுத்தாச்சு. பக்கிரிசாமி தப்பு பண்ணமாட்டார். எழுது"ன்னுட்டாரு. எழுதினா. பெங்களூர்ல போய்ப் பேசினா. பேப்பர்லகூட ஒரு மூலையில போட்டோ வந்துச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு குழு அதே ஓடைக்குப் போயிருக்கு. அதே இடத்துல கல்லு எடுத்துப் பாத்திருக்காங்க. குதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வழுவழுன்னு ஒரே சரிவு. உலகம் மெல்ல மெல்லத்தான் சூடாயிருக்கு. அப்ப இந்தப் பொண்ணு எண்ணு எங்கேருந்து வந்துச்சு? வடக்க அந்த லேப்புலயும் பழைய கணக்கு வெக்கலயாம்; இட்டுக்கட்டிக் கையால எழுதிட்டாளோன்னு பேச்சு கிளம்பிடுச்சு. புரொபசர், "எனக்கு எதுவும் தெரியாது, அவ குடுத்த எண்ணை நம்பினேன்"னு ஒதுங்கிட்டாரு. மூணு பேரு உக்காந்து விசாரிச்சாங்க. என்னையும் கூப்பிட்டாங்க.

"குடுத்த மாதிரியே அரைச்சேன். குடுத்த நம்பரையே போட்டேன்"னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. வெளிய வந்தா வராந்தா பெஞ்சுல அவ உக்காந்திருக்கா. என்னைப் பாத்ததும் எழுந்திருச்சு, பெஞ்சுல இருந்த பையைக் கையில எடுத்துக்கிட்டு, "உக்காருங்கண்ணே, ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டாங்களா?"ன்னா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

பட்டம் குடுக்கல. அவளும் எதிர்த்து நிக்கல. ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுக் கிளம்பினா. அவ பெட்டியை நான்தான் தூக்கிட்டு வந்து ஆட்டோவுல வெச்சேன். "உங்களுக்கு எவ்வளவு சிரமம் குடுத்துட்டேன்"னா.

பன்னெண்டு வருஷம் ஆச்சு. நினைப்பு வராம இல்ல தம்பி. வரும், போகும். ரிட்டயர்டு ஆனப்போ மாலை போட்டு, "தப்பே செய்யாத கை"ன்னு பேசினாங்க. வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழட்டி மாட்டுக்குப் போட்டேன். அதோட சரி.

போன மாசம்தான் எல்லாம் கிளம்பிச்சு. என் பொண்ணு சங்கவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ். ரெண்டு பேஷண்டுக்கு குரூப் பாக்க எடுத்த ரத்தம் மாறிப் போச்சு. நல்லவேளை, ஏத்தறதுக்கு முன்னாடியே டாக்டர் கண்டுபுடிச்சுட்டாரு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா லேபிள் ஒட்டினது சங்கவிதான்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. "நான் சரியாத்தான்ப்பா ஒட்டினேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க"ன்னு தரையில உக்காந்து அழுவுறா. நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் ரூம்ல நின்னு கத்துறேன்: "என் பொண்ணு மேல பழி போடாதீங்க! லேப்புல எவனோ ட்ரேயைத் திருப்பி வெச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கான்! போய் அவனைக் கேளுங்க!"

அவங்க என்னையே பாக்குறாங்க. "ட்ரே திரும்பிச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"ங்கறாரு மேனேஜர்.

செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

மூணாவது நாள் அங்க லேப்புல வேலை பாக்குற ஒரு அம்மா தானாவே போய்ச் சொல்லிட்டாங்க, தான்தான் மாத்தி வெச்சதுன்னு. அந்தம்மாவை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. புருஷன் இல்லாதவங்களாம். சங்கவியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. வீட்டுல பாயசம் வெச்சாங்க. நான் டம்ளரை அப்படியே வெச்சுட்டேன். அந்தம்மா மூணு நாள்ல சொல்லிட்டாங்க.

டிபார்ட்மெண்ட்ல பழைய க்ளார்க்கைப் புடிச்சு அட்ரஸ் வாங்கினேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வீட்டுல இருப்பான்னு கிளம்பிட்டேன்.

கதவைத் திறந்தவ, "அண்ணே!"ன்னா பாருங்க. கூடப் பொறந்தவன் வந்த மாதிரி. புருஷன் பச்சையப்பன், டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. அவர்கிட்ட, "நான் சொல்லுவேனே, அந்த காலேஜ்ல என்கூட மனுஷனாப் பேசினவர் இவர் ஒருத்தர்தான்"னு சொல்றா. இலை போட்டு சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொல்றா: "எனக்கு உங்ககிட்ட இன்னொரு தடவை மன்னிப்புக் கேக்கணும்னு இருந்துச்சுண்ணே. யோசிச்சுப் பாத்தேன். அந்த ஓடையில நடுப்பகுதிக் கல்லு எடுத்த அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். நான்தான் பையை மாத்திப் போட்டிருப்பேன். அது தெரியாம உங்களைப் போய்க் கேட்டுட்டேன்."

பன்னெண்டு வருஷமா அதைத் தன் தப்புன்னே நம்பிக்கிட்டு இருந்திருக்கா.

பாதிச் சாப்பாட்டுல இலையை மூடினேன். கையைக் கழுவிட்டு வந்து உக்காந்து சொன்னேன். "பை மாறலம்மா. ட்ரேதான் திரும்பிச்சு. நான்தான்."

அழுவான்னு நினைச்சேன். திட்டுவான்னு நினைச்சேன். அவ மொதல்ல கேட்டது, "அரை வட்டமா?"ன்னு.

"ஆமாம்மா."

"இருபத்துநாலும்? ஒண்ணுகூட விடாம?"

"ஆமா."

எழுந்து உள்ள போனா. பரண்ல இருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துட்டு வந்தா. பள்ளிக்கூடத்து கிராஃப் தாள் ஒண்ணு. தரையில உக்காந்து ஒவ்வொரு எண்ணாத் திருப்பித் திருப்பிப் புள்ளி வெக்கிறா. ஒரு அரை மணி நேரம் இருக்கும். கடைசிப் புள்ளியை வெச்சுட்டு, பென்சிலால கோடு இழுத்தா. குதி இல்ல தம்பி. ஒரே சரிவு. அந்தக் குழுக்காரங்க போட்ட அதே கோடு.

"வந்துடுச்சா?"ன்னாரு பச்சையப்பன்.

"வந்துடுச்சு. அவங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே என்கிட்ட இருந்திருக்கு"ன்னா. அந்தக் கோட்டு மேல நகத்தை வெச்சு மெதுவாத் தடவிக்கிட்டே போனா. குழந்தை முதுகைத் தடவற மாதிரி.

அப்பதான் அவர் என்னைப் பாத்தாரு. சத்தமே போடாமச் சொன்னாரு: "கல்யாணம் ஆன புதுசுல ஒகேனக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனேன் சார். அவ்வளவு பாறை. இவ தலையை நிமிர்த்தவே இல்ல. ஏன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

அவ ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டாந்து வெச்சா. "எழுதிக் குடுங்க. பட்டத்துக்காக இல்ல. நான் கையால எண்ணை எழுதலன்னு ஒரு தாள் வேணும்."

எழுதினேன். நாள், ட்ரே, நம்பர் எல்லாம். கீழ கையெழுத்து. அவ எடுத்துப் படிச்சா. ஒரு இடத்துல நின்னுட்டா.

"'தெரியாமல் நடந்துவிட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. தெரியாமலா?"

"ஆமாம்மா."

"நான் லேப்புல வந்து கேட்டப்பவும் தெரியாதா?"

அவர் பக்கத்துல நிக்கிறாரு தம்பி. அந்தப் பொண்ணு நேருக்கு நேரா பாக்குறா. "தெரியாது. இப்ப ரிட்டயர்டு ஆனப்புறம்தான் யோசிச்சுப் பாத்துக் கண்டுபுடிச்சேன்"னேன்.

தாளை மறுபடி ஒரு தடவை படிச்சா. அப்புறம் மடிச்சு நோட்டுக்குள்ள வெச்சா. "சரிங்க. நாலரைக்கு தர்மபுரி பஸ் இருக்கு"ன்னா.

'சரிங்க'. 'சரிண்ணே' இல்ல. அதுக்கப்புறம் அவ என்னை அண்ணேன்னே சொல்லல. வாசல் வரைக்கும் வந்தா, மரியாதையாத்தான் அனுப்பினா.

போகட்டும், அவ நல்லாத்தான் இருக்கா. சொந்த வீடு. தங்கமான புருஷன். கேட்ட தாளும் குடுத்தாச்சு. வயசான காலத்துல இவ்வளவு தூரம் வந்து சொல்றதுக்கு யாருக்கு மனசு வரும், சொல்லுங்க.

என்ன கேட்டீங்க?

கால்வாசிக் குப்பியைப் பத்தியா? அவகிட்ட சொன்னேனான்னா?

இல்ல.

மேஸ்திரியைப் பத்தியும் இல்ல. பக்கத்துல யாரு என்னன்னே தெரியாத உங்ககிட்ட ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். அவகிட்ட வாய் வரல. இப்ப அந்தப் பொண்ணு அங்க உக்காந்து என்ன நினைச்சுக்கிட்டு இருப்பா? தெரியாமப் பண்ணவனைப் போய் சந்தேகமாக் கேட்டுட்டோமேன்னு மறுபடி தன்னையேதான் நொந்துக்குவா. அவ சுபாவம் அப்படி. இல்ல, தெரிஞ்சே இருக்குமோ? தெரிஞ்சுதான் அந்த 'சரிங்க'வோ?

இது தொப்பூர்தானே? தாண்டிடுச்சா? சேலம் இன்னும் எவ்வளவு நேரம்?

சேலத்துல தர்மபுரி பஸ் எந்தப் பக்கம் நிக்கும் தம்பி? திருச்சி இல்ல, தர்மபுரி. இன்னைக்கு பென்னாகரத்துக்கு வண்டி கிடைக்கலேன்னா தர்மபுரி ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன், காலையில மொத பஸ்ஸைப் புடிச்சா அவ பள்ளிக்கூடம் கிளம்பறதுக்குள்ள போயிடலாம். அந்தத் தாள்ல ஒரு வார்த்தையை அடிக்கணும்.